பதினோரு அடி ஹால்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்குள் வந்து, பால்வண்ணம் வாத்தியார் வீடு எது என்று யாரைக் கேட்டாலும், "அந்த நாற்காலி அடுக்கி வச்ச வீடுதானே" என்று சொல்லித்தான் கையை நீட்டுவார்கள். நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின் மடியில் ஒன்றாக, ஹால் மூலையில் எந்நேரமும் அடுக்கியே இருக்கும். விருந்தாள் வந்தால் இறங்கும், விருந்தாள் தெருமுனை தாண்டுமுன்னே திரும்ப ஏறிக்கொள்ளும். வீட்டாட்கள் உட்காருவது கிடையாது. பால்வண்ணம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்பது அவர் கட்சி, சாப்பிடுகிற பத்து நிமிஷம் போக மற்ற நேரத்தில் எவர் உட்கார்ந்து கண்ணில் பட்டாலும் இருபது தோப்புக்கரணம், அதில் மனைவி என்றும் மகள் என்றும் பாரபட்சம் இல்லை. தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அந்த வீட்டு அலமாரி நிறைய நிற்கிற கோப்பைகளைப் பார்த்துக் கொஞ்சம் பெருமூச்சும் விடுவார்கள்.

நாள் கிழமை என்று மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல வந்துவிட்டால் ஊர்ச் சனமெல்லாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும், இந்த வீட்டில் மட்டும் ஆளுக்கொரு திசைக்குப் போவார்கள். வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் போவார். காலேஜ் படிக்கிற மூத்தவன் நெல்லையப்பன் சிநேகிதர்களோடு ஓட்டமாகவே ஓடிக் கன்னியாகுமரி போவான். செண்பகம் நீந்தப் போவாள். தீப்பெட்டி ஆபீஸில் பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசரான அவள் கரிசக்காட்டுக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவள், கல்யாணத்துக்கு அப்புறமும் விடவில்லை, அவளைப் போல நாலைந்து பெண்களோடு தூத்துக்குடிக் கடலில் இறங்கி, கரையில் நிற்கிறவர்களுக்குத் தலை தெரியாத தூரம் வரைக்கும் போய்விட்டு வருவாள். சின்னவள் இசக்கியைப் பக்கத்து வீட்டு ஆவுடை மதினியிடம் விட்டுப் போவார்கள். பதினோரு வயது முடிந்தால் அவளுக்கும் தனித் திசை உண்டு என்பது வாத்தியார் போட்ட சட்டம், இந்தத் தை பிறக்கும்போது இசக்கிக்குப் பதினோரு வயது முடிந்தது.

இவ்வளவு சுற்றுகிற வீட்டுக்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது என்றால் நம்புவீர்களா. அது செண்பகத்தின் இடுப்பில் இருக்கும். ஆகையால் யார் எத்தனை கிலோமீட்டர் போய் எந்த நேரத்தில் திரும்பினாலும், வாசலில் தெருக்குழாயடியில்தான் நிற்க வேண்டும். செண்பகம் எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பாள், அடுத்து ஒருவர், அடுத்து ஒருவர், கடைசி ஆளும் வந்த பிறகு ஒரே குடத்துத் தண்ணீரில் எல்லார் காலையும் கழுவி, கதவைத் திறந்து, கூட்டமாக இடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். பத்தொன்பது வருஷமாக இப்படி. ஏன் இப்படி என்று யாரும் யோசித்ததில்லை, சாவி ஒன்று என்பதைத் தவிர வேறு காரணமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் செண்பகம் பஸ் ஸ்டாண்டில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற சாவிக்காரரிடம் போய், ஒரு சாவியைக் கொடுத்து நாலு சாவியாக வாங்கி வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது, நேரமாயிற்று, குழாயடியில் பிள்ளைகள் நிற்கும் என்ற நினைப்பு இல்லாமல், கை சலிக்கிற மட்டும் கடலில் கிடக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது ஒரு பெரிய ஆசையா, சொல்லுங்கள்.

"ஆளுக்கொண்ணு வச்சுக்கிடுங்க. யாருக்காகவும் யாரும் காத்துக்கிடக்க வேண்டாம்" என்று சொல்லிச் சாவிகளை நீட்டினாள்.

"இது முன்னாலேயே தோணியிருக்கணும். எத்தனை மணி நேரம் வீணாப் போச்சு" என்றார் வாத்தியார்.

பொங்கலன்று பானை பொங்கி வழிந்து, அந்த ஈரம் காய்வதற்குள் நாலு பேரும் கிளம்பினார்கள். இசக்கி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பாபநாசத்துக்கு மேலே மலையேறும் முகாமுக்குப் போக வேண்டும், வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது, பிள்ளை படியில் நின்று கழுத்தில் கயிற்றில் தொங்கிய புதுச் சாவியைத் திருகிக்கொண்டு, "யம்மா, நீ எப்பவும் போல முன்னால வந்து நிப்பதானே" என்று கேட்டது. "அதான் சாவி இருக்கேட்டி" என்று சொல்லி அதன் முதுகில் தட்டி அனுப்பினாள் செண்பகம். அந்தத் தட்டுதான் அவள் கை அந்தப் பிள்ளை மேல் கடைசியாகப் பட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல என்னால் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை, காணும் பொங்கலன்று, நாலு பேரும் நாலு நேரத்தில் திரும்பினார்கள். இசக்கி பதினோரு மணிக்கு வந்து, கதவைத் திறந்து, கோப்பை அலமாரிக்குக் கீழே பையை வைத்தது. அடுத்து வாத்தியார், அடுத்து நெல்லையப்பன். சாயந்திரம், தலைமுடியில் உப்புப் பூக்க, வாழ்நாளில் இல்லாத சந்தோஷத்தோடு செண்பகம் வந்து, குழாயடியைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து, தன் சாவியால் தானே திறந்து உள்ளே வந்து ஃபிரிட்ஜ் பக்கம் நின்றாள். யாரும் கால் கழுவவில்லை. போன தூரம் அத்தனையும் அவரவர் காலோடு வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஹால் பதினோரு அடி. அதன் அந்தக் கோடியில், அலமாரிக்குக் கீழே, கரிசக்காட்டில் அடுத்த ஊர் எல்லையில் நிற்கிற ஆளைப் போல ஒரு புள்ளி அசைந்தது, அதுதான் இசக்கி. செண்பகம் தட்டில் பொங்கலை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்து நடந்தாள், நடந்தாள், அரைமணி நேரம் நடந்தும் புள்ளி பெரிதாகவில்லை, திரும்பிப் பார்த்தால் ஃபிரிட்ஜ் இரண்டு அங்குலம்தான் பின்னால் போயிருந்தது. சத்தம் போட்டுக் கூப்பிட்டாள், பதில் வரவில்லை. போனை எடுத்து மகளிடம் இருக்கிற வாத்தியாரின் பழைய போனுக்கு அடித்தாள், வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தப் பெண்பிள்ளை குரல் மரியாதையாகச் சொன்னது. பதினெட்டு நிமிஷம் கழித்து, "யம்மா" என்று காதில் வந்து விழுந்தது.

சீனி கடன் வாங்க வந்த ஆவுடை மதினிதான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள், ஏனென்றால் அவள் அந்தப் பொங்கலுக்கு எங்கேயும் போகாதவள், அவளுக்கு அந்த ஹால் பழையபடி பதினோரு அடிதான். செண்பகத்தின் கையிலிருந்து தட்டை வாங்கி, ஆறே எட்டில் அந்தக் கோடிக்குப் போய், இசக்கிக்கு ஊட்டிவிட்டு, ஆறு எட்டில் திரும்பி வந்து, "பிள்ளை நல்லாத் தின்னுச்சு" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த நினைப்புதான் இருந்தது.

வாத்தியார் தன் பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியாரை வரவழைத்து, சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். செண்பகம் போனது அறுபத்திரண்டு கிலோமீட்டர், இசக்கி போனது நூற்றிப் பதினெட்டு, இரண்டும் சேர்ந்து தாய்க்கும் மகளுக்கும் இடையில் நூற்றெண்பது. ஒரு குரல் அவ்வளவு தூரம் போய்ச் சேர ஒன்பது நிமிஷம். வாத்தியாருக்கும் செண்பகத்துக்கும் இன்னும் கூட. வீட்டுக்குள் மட்டும் இல்லை, தெருவில் நின்றாலும் அதே தூரம்தான். செண்பகம் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், வாசல் அஞ்சு நிமிஷத்தில் வந்துவிட்டது, பிள்ளை வகுப்புக்குள் இருந்தபடியே நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வண்டியில் போனால் கழியாத தூரம், காலால்தான் கழியும் என்று முடிவாயிற்று. "அவ்வளவுதானே, பிராக்டிஸ் பண்ணிக்கிடலாம்" என்று வாத்தியார் கத்தியது பன்னிரண்டு நிமிஷம் கழித்துச் செண்பகத்துக்குக் கேட்டது. அவர் உண்மையில் உற்சாகமாகத்தான் இருந்தார். நெல்லையப்பனோ, இவ்வளவு தூரத்தில் இருக்கிறவன் ஹாஸ்டலில் இருந்தால் என்ன என்று ஒரு வாரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டான்.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், கல்யாணத்தையும் சாவையும் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி, ஆளுக்கொரு வேலையாக. பால்காரர் நாலு பேருக்கும் தனித்தனி டம்ளர் கொண்டுவந்தார். வார்டு கவுன்சிலர் வந்து டேப் வைத்து அளந்து, பதினோரு அடி சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். முனைக்கடை மாடசாமி அண்ணாச்சி, வேடிக்கை பார்க்க வந்த சாத்தூர்க்காரர்களுக்கும் எட்டயபுரத்துக்காரர்களுக்கும் மோர் விற்றார். ஓயாமல் சண்டை பிடிக்கிற பெண்டாட்டிகள் செண்பகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள், "திட்டுனது போய்ச் சேருறதுக்குள்ள கோவம் ஆறிருமே, கொடுத்து வச்சவ" என்றார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவசரமாகச் சாவி வெட்டிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு ஊருக்கு பஸ் ஏறினார்கள், அதில் இரண்டு வீட்டுக்குத் தூரம் கிடைத்தது, மூன்றாவது வீட்டுக்கு வெறும் பஸ் அலுப்புதான் மிஞ்சியது.

ஆவுடை மதினி மட்டும் தினமும் அந்த ஹாலை நூறு தடவை கடந்தாள். இசக்கிக்குத் தலை சீவிவிட்டது மதினி, எண்ணெய் தேய்த்தது மதினி, பிள்ளைக்கு உடம்பு சுட்ட அன்று நெற்றியில் கை வைத்தது மதினி. நெற்றியில் வைத்த அதே கையைக் கொண்டுவந்து செண்பகத்தின் கையில் வைத்து, "இவ்வளவு சூடுதான், பயப்படாத" என்று சொன்னதும் மதினி. செண்பகம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அது ஆறுகிற வரைக்கும் நின்றாள். நன்றி இருந்தது, அதைவிடப் பெரிதாக அந்தக் கை மேல் ஒரு பொறாமை இருந்தது, அந்தப் பொறாமைக்காகத் தன்னையே வெறுத்தாள். நாலு சாவியை வெட்டி வாங்கியது யார், நான்தானே என்று மூச்சுக்கு ஒரு தரம் நினைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் மதினி கொண்டுபோய்க் கொடுத்தாள், ஒன்றைத் தவிர. முகாமிலிருந்து வந்த நாளிலிருந்து பிள்ளையின் மனசில் ஏதோ கிடந்து அரித்தது. சோறு பாதி, தூக்கம் பாதி. மதினி தாடையைப் பிடித்துக் கேட்டும் சொல்லவில்லை.

"யம்மாகிட்டத்தான் சொல்லுவேன். காதுலதான் சொல்லுவேன்."

"நான் போய் அவ காதுல சொல்லுதேன்டா, ஆறு எட்டுதானே."

"வேண்டாம் அத்தை. யம்மா காதுலயே நான்தான் சொல்லணும். அப்பாவுக்குக் கேட்டிரக் கூடாது."

மதினி இதை வந்து சொன்ன அன்றிலிருந்து செண்பகத்துக்கு நிலைகொள்ளவில்லை. யார் என்ன சொன்னார்களோ, யாராவது அடித்தார்களோ, மலையில் எங்காவது விழுந்து, பயந்து, அதை வெளியே சொல்லத் தெரியாமல் முழிக்கிறதோ. தீப்பெட்டி ஆபீஸில் கட்டு எண்ணும்போதும், கொதிக்கிற குழம்பைப் பார்க்கும்போதும், அந்தச் சின்ன வாய் தன் காதோரம் வந்து, வெதுவெதுவென்று மூச்சு விட்டு, ஆரம்பிக்கப் போகிற மாதிரியே இருக்கும், திரும்பினால் ஒன்றும் இருக்காது. மகள் என்ன சொல்லப் போகிறாள் என்பதைக் காதோடு கேட்டுவிட வேண்டும், அதற்கு மேல் இந்த உலகத்தில் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆபீஸில் ஒரு வாரம் லீவு சொன்னாள். ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும், சேலையை வரிந்து கட்டி, கான்வாஸ் ஷூவை மாட்டி, ஃபிரிட்ஜைத் தொட்டுக் கும்பிட்டு, ஹாலுக்குள் நடக்கத் தொடங்கினாள்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. நீ இருந்த இடத்திலேயே இரு, நான் வருகிறேன் என்று மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் போதும், வேறு எந்த வீட்டிலும் எந்தத் தாயும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பாள். அந்த வீட்டில் அந்த வார்த்தை புழக்கத்திலேயே கிடையாது. எழுந்திரு, ஓடு, இன்னும் ஒரு சுற்று, இதுதான் அங்கே பேச்சு. மதினி ஓடிப்போய், "உங்கம்மா கிளம்பிட்டா" என்று சொன்ன மறு நிமிஷம் இசக்கி தன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டு நின்றது. மதினி திரும்ப ஓடிவந்து, "பிள்ளையும் கிளம்பிட்டா, பாதித் தூரம் உனக்கு மிச்சம்" என்று சொன்னபோது செண்பகம் சந்தோஷத்தில் அழுதாள்.

தெரு கூடிவிட்டது. திருச்செந்தூருக்கு நடக்கிறவர்களுக்குச் செய்கிற மாதிரி ஹாலுக்குள்ளேயே தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், பானகம் கரைத்தார்கள், எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள், காலுக்குத் தேய்க்க வேப்பெண்ணெய் கொண்டுவந்தார்கள். பார்க்கிறவர்களுக்குத் தாயும் மகளும் நின்ற இடத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைப்பது போலத்தான் தெரியும், கால்மணி நேரத்துக்கு ஒரு அங்குலம் நகர்வார்கள். பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு காப்பி டம்ளரோடு போய்வந்தார்கள். வழி தவறிவிடக் கூடாதே என்று மதினிக்குத்தான் யோசனை வந்தது. பொங்கலுக்கு இடித்து மிஞ்சிய பச்சரிசி மாவை எடுத்து, ஃபிரிட்ஜிலிருந்து அலமாரி வரைக்கும் நேர்கோடு ஒன்று இழுத்தாள், மெல்லிய கோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து, ஒரு அங்குலம் தடிக்க, அழுத்தமாக இழுத்தாள். வேர்க்குமே என்று ஃபேனையும் போட்டுவிட்டாள். அவளுக்கு அந்த இரண்டு பேர் மேலும் உயிர், அதில் சந்தேகமே இல்லை.

அந்த ஒரு அங்குலம் நடக்கிறவர்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான அகலம் என்று யார் கண்டது. செண்பகம் வெள்ளை மாவுக்குள் நடந்தாள், கணுக்கால் புதைய நடந்தாள், மேலேயிருந்து அடித்த காற்றில் மாவு எழும்பிக் கண்ணையும் மூக்கையும் அடைத்தது, முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை, காதில் ஓயாத ஒரு இரைச்சல். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு, மகள் இதற்குள் எப்படி நடக்கிறாளோ என்று பதறிக்கொண்டு, பதறின வேகத்தில் இன்னும் வேகமாக நடந்தாள். இசக்கியும் அப்படித்தான் நடந்திருக்கிறது, ஓட்டமும் நடையுமாக, அவள் வேகத்துக்குக் குறையாத வேகத்தில், அந்த அப்பனுக்குப் பிறந்த பிள்ளைதானே.

மூன்றாம் நாள் மத்தியானம் செண்பகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. மதினி காய்ச்சுகிற, கறிவேப்பிலை போட்ட எண்ணெய். வலது பக்கமிருந்து வந்த மாதிரி இருந்தது, ஒரு நொடிதான், காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. நின்று, இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துக் கேட்கலாமா என்று நினைத்தாள். நின்றால் கால் பிடித்துக்கொள்ளும், பத்தொன்பது வருஷமாக வாத்தியார் சொல்லிச் சொல்லி உடம்பில் ஊறின பாடம் அது. மனப் பிரமை என்று சொல்லிக்கொண்டு மேலே நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து அங்கே காவல் இருந்தவள் மதினி ஒருத்திதான், அவளும் வீட்டில் அடுப்பில் வைத்த பால் நினைப்பு வர எழுந்து ஓடினாள், பத்து நிமிஷத்தில் பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, இவள் அலமாரியைப் பார்த்தும் அவள் ஃபிரிட்ஜைப் பார்த்தும், மும்முரமாக நடந்துகொண்டிருந்தார்கள். மதினிக்கு மனசு நிறைந்துவிட்டது. பார்த்துக்கொண்டார்கள், கட்டிப்பிடித்திருப்பார்கள், காதில் சொல்ல வேண்டியதைச் சொல்லியும் ஆயிற்று, இனி அந்தக் கோடியைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள், இந்த வீட்டாட்கள் கோட்டைத் தொடாமல் எந்த ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கூப்பிட்டுக் கேட்கவில்லை. தெருவில் போய்ச் சொன்னாள், தெரு கடலைமிட்டாய் வாங்கி ஆளுக்கு இரண்டு துண்டு பங்கிட்டுத் தின்றது, பந்தலைப் பிரித்தார்கள், பானகப் பானையைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மதினி ஃபேனை நிறுத்தி, மாவுக் கோட்டைச் சுத்தமாகப் பெருக்கி அள்ளிவிட்டு, சாத்தூரில் தன் தங்கை மகள் வளைகாப்புக்கு பஸ் ஏறினாள்.

மாவு இல்லாத வெறும் சிமெண்டுத் தரையில் செண்பகம் மேலும் மூன்று நாள் நடந்தாள். தூசி போனதும் முன்னால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, அலமாரி தெரிந்தது, கோப்பைகள் தெரிந்தன, புள்ளி மட்டும் தெரியவில்லை, பிள்ளை அலுத்துப்போய் எங்கேயோ படுத்துவிட்டது, அருகில் போனால் தெரியும் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் அந்த வீட்டுப் பாடம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அலமாரியைக் கையால் தொட்டாள். கீழே இசக்கியின் புத்தகப் பை இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது, மதினி மடித்து வைத்த பாவாடை இருந்தது, கயிற்றோடு அந்தச் சாவி இருந்தது. பிள்ளை இல்லை.

அப்போதுதான் திரும்பினாள். அந்தக் கோடியில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், தான் புறப்பட்ட இடத்தில், ஒரு புள்ளி நின்று கையை ஆட்டியது.

தேங்காய் எண்ணெய் வாசம் நினைவுக்கு வந்தது, வலது பக்கம், மூன்றாம் நாள் மத்தியானம். செண்பகம் கையை ஆட்டினாள், அதுவும் திரும்ப ஆட்டியது, பிறகு அசையாமல் நின்றது. கத்துகிறது போல இருக்கிறது, குரல் வரும் என்று காத்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, பள்ளிக்கூட மைதானத்தில் ஹாக்கி ஃபைனல், வாத்தியார் விசில் ஊதப் போயிருந்தார், தெருவே அங்கேதான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நிமிஷம் ஆயிற்று, குரல் வரவில்லை. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. பதினெட்டாவது நிமிஷத்தில் வந்தது, அதன் அர்த்தம் புரிய அவளுக்கு சுவரில் சாக்பீஸ் கணக்கு வேண்டியிருக்கவில்லை. சந்திக்காமல் நடந்து முடித்த தூரம் பொங்கலன்று வந்த மாதிரியே கூடவே வந்து, தாய் நடந்ததும் மகள் நடந்ததுமாக இரண்டு மடங்காகியிருந்தது.

"யம்மா. நீ அங்க போயிட்டியா. நான் இங்க வந்துட்டேன்மா." மகளின் குரல் தேய்ந்து, கீறலாக, இடையிடையே விட்டுவிட்டு வந்தது. "காதுல சொல்லலாம்னு இருந்தேன், இப்ப இங்கேயிருந்தே சொல்லிருதேன், வீட்டுல ஆள் இல்ல. யம்மா, நான் மலையே ஏறல. எல்லாரும் போனாங்க, நான் போகல. கீழ வேன்லயே உக்காந்திருந்தேன். மூணு நாளும் உக்காந்துதான் இருந்தேன். நீ வருவன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பாகிட்ட சொல்லிராத. நான் உக்காந்ததுனாலதான இப்படி ஆயிருச்சு. இனிமே சத்தியமா உக்கார மாட்டேன்மா. எவ்வளவு தூரம்னாலும் நடந்து வந்துருவேன்."

செண்பகம் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். ஓடாத, ஏறாத, நீந்தாத, காத்திருக்க மட்டும் தெரிந்த ஒரே ஒரு பிள்ளை அந்த வீட்டில் பிறந்திருந்தது, அதைக் குற்றம் என்று நினைத்து இத்தனை நாள் சோறு தின்னாமல் கிடந்திருக்கிறது. "உக்காரு" என்று கத்தினாள். "உக்காரு கண்ணு, நீ உக்காந்தது தப்பே இல்ல, அங்கேயே உக்காந்து இரு, நான் வாரேன்" என்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன் ஆயுசில் யாரிடமும் சொல்லாத அந்த வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினாள். கத்தி முடித்ததும்தான் அது போய்ச் சேரப் பதினெட்டு நிமிஷம் ஆகும் என்பது உறைத்தது. குரல்தான் மெதுவாகப் போகும், பார்வை உடனே போய்விடும் என்று நினைத்து, செய்து காட்டினால் பிள்ளை புரிந்துகொள்ளும் என்று நம்பி, செண்பகம் பட்டப்பகலில், அந்த ஹாலில், சாப்பாட்டுத் தட்டு இல்லாமல் முதன்முறையாகத் தரையில் சப்பென்று உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு வேளை போக அம்மா உட்கார்ந்து இசக்கி பார்த்ததே கிடையாது. தூரத்தில் நின்றிருந்த புள்ளி ஒரு கணம் அப்படியே நின்றது. அம்மா விழுந்துவிட்டாள் என்றுதான் பட்டிருக்கும், வேறு என்ன படும். புள்ளி ஃபிரிட்ஜை விட்டு விலகி, கோடு எதுவும் இல்லாத அந்தத் தரைக்குள் இறங்கி, ஓடத் தொடங்கியது.

செண்பகத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இப்போது தான் எழுந்திருக்கக் கூடாது, இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பத்தொன்பது வருஷம் குழாயடியில் நின்றது போல இந்த அலமாரியடியில் இருக்க வேண்டும், யாராவது ஒருவர் இருந்தால்தான் இன்னொருவர் வந்து சேர முடியும். முன்னூற்று அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதினோரு வயதுப் பிள்ளை, ஆறு நாள் நடந்து வெந்துபோன காலோடு, தன்னை நினைத்து அழுதுகொண்டு ஓடி வருகிறது. இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்தப் பெற்றவளால் முடியும். அவள் எழுந்ததும் தெரியாது, நடந்ததும் தெரியாது; தெரிந்தபோது அலமாரி நாலு விரற்கடை பின்னால் போயிருந்தது.

உக்காரு என்ற அவள் குரல், அழுதுகொண்டு ஓடுகிற பிள்ளையின் காதில் ஏறாமலே அதைக் கடந்து, ஹாலைத் தாண்டிப் போய், ஃபிரிட்ஜ் பக்கம், யாரும் இல்லாத இடத்தில் எப்போதோ விழுந்திருந்தது.